நீக்கச் சுத்தம்

ஒப்பீட்டு நாளில் பாக்கியநாதன் காப்பியை நின்றுகொண்டேதான் குடிப்பார். உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், பிறகு கோபுரத்தில் ஏற முடியாது. தூத்துக்குடிக் காட்சித் தர ஆய்வகத்தில் பிலிம் பிரிவின் தலைவர் அவர். அந்தப் பிரிவின் ஒரே ஊழியரும் அவர்தான் என்பதால், தலைவர் என்ற பெயர்ப்பலகையைத் துடைத்து மாட்டுவதும் அவர் வேலைதான். அதனால் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. நாட்டில் பிலிம் கழுவத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் கட்டைவிரல் தான்தான் என்பது அவருடைய எண்ணம்.

ஆண்டுக்கொரு முறை ஒப்பீடு நடக்கும். உப்பளத்தை ஒட்டிய பழைய தண்ணீர்த்தொட்டிக் கோபுரத்தின் மேல் நான்கு கருவிகளை வரிசையாக நிறுத்தி, ஒரே காட்சியை, ஒரே வெயிலில் எடுக்க வேண்டும். மூன்று பிலிம் கருவிகள் பாக்கியநாதனுடையவை. சிறுசுருளில் ஒரு படம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நடுச்சுருளில் தீப்பெட்டி அளவு. மூன்றாவது தாள்பிலிம். அதில் ஒரு படம் உள்ளங்கையை நிறைக்கும். நான்காவதாக ஓரத்தில் பாக்கு அளவில் ஒட்டிக்கொண்டிருப்பது மின்படக் கருவி. அது மின்படப் பிரிவின் தலைவி ரெஜினாவுடையது. அவளுக்குக் கீழே முப்பது பேர் இருந்தார்கள், அவர்களில் எவரும் படி ஏறவில்லை, அவள் மட்டும் ஏறி வந்திருந்தாள்.

“அண்ணாச்சி, இந்த வருஷமாவது அந்தக் கருப்புத் துணிக்குள்ள தலைய விடாம எடுங்களேன். கீழ நிக்கவங்க ஏதோ மந்திரம் போடுதீங்கன்னு நெனைக்காவ,” என்றாள் ரெஜினா.

“துணி இல்லாம போகஸ் தெரியாது. உன் கருவிக்குத் தெரியலன்னா அதுவே ஒண்ண நெனச்சுப் போட்டுக்கிடும். எனக்கு நான்தான பாக்கணும்.”

அவர் சொன்னது கிண்டல் என்றாலும் உண்மை. மின்படங்களுக்குள் முழுமையாக்கி வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கண்ணாடிவில்லை பிடிக்கத் தவறியதை அது ஊகித்து நிரப்பும். தூரத்து மரத்தில் இலை தெரியாவிட்டால் இலை வைக்கும், மங்கலான சுவரில் செங்கல் வைக்கும். நன்றாகவே வைக்கும். ஆனால் எவ்வளவு ஊகிக்கிறது என்று அளந்து பார்க்க ஊகிக்காத ஒன்று வேண்டுமே, அதற்காகத்தான் பிலிம் பிரிவு இன்னும் இருந்தது. மொத்த மதிப்பெண்ணில் தாள்பிலிமும் மின்படத்திடம் தோற்றுவிட்டால் அந்த அளவுகோலே தேவையில்லை, பிரிவை மூடிவிடலாம் என்று விதி இருந்தது. போன முறை நூலிழையில் தப்பியிருந்தது.

சிறுசுருள் முடிந்தது. நடுச்சுருள் முடிந்தது. தாள்பிலிமைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோது பாக்கியநாதனுக்கு எரிச்சல் வந்தது. எதிரே உப்புமேட்டில் கூடை சுமந்து போய்க்கொண்டிருந்தவர்களில் ஒருவன் நின்று கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் நகர்ந்து மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள். மேகம் ஒன்று சூரியனை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாக்கியநாதன் கையை வீசி, தள்ளிப் போ என்று காட்டினார். அவன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தோளில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, நேராக நின்றான்.

“ஆளப் பாரு,” என்றார் பாக்கியநாதன். இனிமேல் காத்திருந்தால் வெளிச்சம் மாறிவிடும். விசையை அழுத்தினார்.

ரெஜினாவின் கருவியில் படம் அந்த நொடியே வந்துவிட்டது. நீல வானம், பாத்திகள், பளீரென்ற உப்புமேடு. மேட்டில் எவரும் இல்லை. இதில் இருவருக்கும் வியப்பு ஒன்றுமில்லை. வழக்கம்தானே.

அந்த வழக்கத்துக்குச் சட்டம் என்ற பெயரும் உண்டு. முக உரிமைச் சட்டம். ஒருவருடைய முகம் அவருக்கே சொந்தம், அவர் இசைவில்லாமல் எந்தப் படத்திலும் அது இருக்கக் கூடாது என்று நல்ல மனதோடுதான் எழுதினார்கள். இசையாதவர்களை முழுமையாக்கி படத்திலிருந்து எடுத்துவிட்டு, பின்னால் இருக்கும் சுவரையோ வானத்தையோ நிரப்பிவிடும். கொஞ்ச காலத்திலேயே ஒப்பந்தக்காரர்கள் இதிலுள்ள வசதியைக் கண்டுகொண்டார்கள். வேலைக்குச் சேரும்போதே மறைப்பு ஒப்பத்தில் கைரேகை வாங்கிவிட்டால், வேலை நடக்கும் இடத்தை எவர் படமெடுத்தாலும் அங்கே ஆள் இருந்ததாகத் தெரியாது. உப்பளத்தில், கடலைத் தடுக்க அலைச்சுவர் கட்டும் இடத்தில், சாக்கடைக் குழாய்ப் பணியில் இருப்பவர்கள் எல்லோரும் இப்படி ஒப்பம் வைத்தவர்கள்தான். ஒரு முறை வைத்தால் ஆயுளுக்கும் வைத்ததுதான். ஊரே இதை அறியும். குப்பை வண்டி வரும் நேரத்தை அறிந்து வைத்திருப்பது போலத்தான் அறிந்திருந்தது.

பிலிமுக்கு முழுமையாக்கி கிடையாது. ஆகவே அந்த வேலையைக் கையால் செய்ய வேண்டும். மதிப்பெண் பட்டியலில் நுணுக்கம், ஒளி வீச்சு, படத்தில் தெரியும் மணிகளின் அளவு ஆகியவற்றுக்குப் பிறகு கடைசி இனம் அதுதான். நீக்கச் சுத்தம் என்று பெயர்.

பிற்பகலில் பாக்கியநாதன் மூன்று பிலிம்களையும் கழுவி உலர்த்தி ஒளிமேசையில் பரப்பினார். சிறுசுருளில் உப்புமேட்டின் மேல் ஒரு துகள் இருந்தது. உருப்பெருக்கியில் அது ஆள் என்று தெரிந்தது, அதற்கு மேல் பெருக்கினால் பிலிமின் வெள்ளி மணிகள்தான். முகம் எனக் கொள்ளத்தக்கது அல்ல என்று விதி சொல்லும். விட்டுவிட்டார். நடுச்சுருளில் அந்த ஆள் குனிந்திருந்தான், முதுகுதான். அதையும் விட்டுவிட்டார்.

தாள்பிலிமில் அவன் ஒரு அரிசி நீளம் இருந்தான். முகம் ரவை அளவு. ஆனால் அந்த ரவைக்குள் எல்லாம் இருந்தது. சட்டைப் பொத்தான்கள்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. இந்தக் கூர்மையை ரெஜினாவின் முப்பது பேரும் பார்க்க வேண்டும் என்று பாக்கியநாதனுக்கு ஆசை வந்தது. ஆனால் முகம் முகம்தான். இதை இப்படியே வைத்தால் நீக்கச் சுத்தத்தில் பூஜ்யம், அதோடு பிலிம் பிரிவுக்கும் மங்களம்.

நுண்ணோக்கிக்குக் கீழே தாளை வைத்து, ஊசிமுனைக் கத்தியை எடுத்தார். முதலில் படலத்தைச் சுரண்ட வேண்டும். வெறுமனே மை பூசினால் பின்னால் எவராவது கழுவிப் பார்த்துவிடுவார்கள் என்பதால் சட்டம் அப்படி. தோளில் தொடங்கி, கழுத்தோரமாக ஏறி, தலையைச் சுற்றி வந்து, மறுதோளில் இறங்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. ஒரு மயிரிழை உள்ளே போனால் உருவத்தின் சாயல் மிஞ்சும், வெளியே போனால் உப்பில் வெட்டு விழும். சுரண்டியதை வாயால் ஊதிவிட்டு, நுண்தூரிகையால் உப்பின் அடர்த்திக்கு ஏற்ப மையைப் புள்ளி புள்ளியாக வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடித்துப் பார்த்தபோது அவருக்கே எந்த இடம் என்று தேட வேண்டியிருந்தது. சந்தோஷமாக இருந்தது.

அந்த ஆண்டு தாள்பிலிம் ஜெயித்தது. நீக்கச் சுத்தத்தில் மின்படத்தைவிட அரை மதிப்பெண் கூடுதல். முழுமையாக்கி மேட்டின் நிழலில் ஒரு சின்னப் பிசகு செய்திருந்தது. ரெஜினா இனிப்பு வாங்கி வந்தாள்.

“கையால செஞ்சு மெஷினத் தோற்கடிச்சிட்டியளே அண்ணாச்சி. கொஞ்சம் பேட்டி கீட்டி குடுங்க.”

கொடுத்தார். ஊர்த்திரைகளில் இரண்டு நாள் ஓடியது. மின்படம் நினைப்பதைக் காட்டும், பிலிம் இருந்ததை இருந்தபடி வைத்திருக்கும், பிலிமுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று கொஞ்சம் கனத்த குரலில் சொல்லியிருந்தார். தன் குரல் திரையில் இவ்வளவு நன்றாக இருக்குமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. மூன்று முறை கேட்டார்.

மழை முடிந்த ஒரு காலையில் சந்தனமாரி வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் துணிப்பை. வாசலில் செருப்பைக் கழற்றப் போனவளை, வேண்டாம் என்று சொல்லி உள்ளே உட்கார வைத்தார்.

“திரையில பேசுனது நீங்கதான சார்?”

“ஆமாம்மா.” பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

“எங்க வீட்டுக்காரரு பேரு மாசாணம். உப்பளத்துல இருந்தாரு. பொறவு அலைச்சுவரு வேலைக்குப் போனாரு. போன மாசம் சுவரு சரிஞ்சப்ப உள்ள போயிட்டாரு. ஆள் கெடைக்கல.” அவள் இதைப் பலமுறை சொல்லிச் சொல்லித் தட்டையாக்கியிருந்தாள். “அங்க ஆளே வேலை பாக்கலன்னு படத்தக் காட்டுதாவ. சரி, அது கெடக்கட்டும். அதுக்கு நான் வரல.”

“என்ன வேணும்மா?”

“அவரு படம் வேணும்.”

பாக்கியநாதனுக்குப் புரியவில்லை. அவள் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கலியாணப் படம். பட்டுச்சேலையில் அவள் மட்டும் நிற்கிறாள். வலது கை கொஞ்சம் விலகி, எதையோ பற்றியிருப்பது போல மடங்கியிருக்கிறது. பக்கத்தில் மண்டபத் திரைச்சீலை மடிப்பு மடிப்பாக, மிக அழகாக.

“பதினெட்டு வயசுலயே கைரேகை வச்சிட்டாரு. எதுல எடுத்தாலும் வர மாட்டாரு. கடையில ஒருத்தரு, அடையாளம் சொல்லு, முழுமையாக்கியில போட்டுத் தாரேன்னாரு. போட்டும் தந்தாரு. நல்லாத்தான் இருந்தாரு. ஆனா அது யாரோ சார்.”

“அப்ப நான் என்னம்மா…”

“அவரு ஒருநா உப்பளத்துல இருந்து வந்து சொன்னாரு. தொட்டிக் கோபுரத்து மேல ஒருத்தரு கருப்புத் துணி போட்ட பெரிய பெட்டி வச்சிருக்காரு, என்னப் பாத்துக் கைகாட்டி நிக்கச் சொன்னாரு, நான் சட்டையப் போட்டுக்கிட்டு அசையாம நின்னேன், என்னையும் படம் எடுத்திருக்காவ அப்படின்னாரு. ரெண்டு நாளு அதே பேச்சுதான். நான் நம்பல. கேலி பண்ணேன். பொறவு நீங்க திரையில பேசுனீங்க. பிலிமு இருந்தத அப்படியே வச்சிருக்கும்னு.”

பாக்கியநாதன் தன் கையைப் பார்த்தார். தள்ளிப் போ என்று வீசிய கை. அதை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். காது மடல்கள் சுடுவது தெரிந்தது. ஏதாவது வேலை செய்தால் பேசாமல் இருக்கலாம் என்று எழுந்துபோய் அலமாரியிலிருந்து உறைகளை எடுத்து வந்தார்.

முதலில் சிறுசுருள். ஒளிமேசையில் வைத்து உருப்பெருக்கியை அவள் கையில் கொடுத்தார். அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

“வெள்ளையா ஒண்ணு நிக்குது.”

“அதுதான். பிலிம்ல கருப்பு வெள்ளையாவும் வெள்ளை கருப்பாவும் தெரியும்.”

“மொகம்?”

“இதுல அவ்வளவு வராதும்மா. பிலிமு சின்னது. மணி பெருசாத் தெரியும், அதுக்குள்ள முகம் நிக்காது.”

“அடுத்தது?”

நடுச்சுருளை வைத்தார். முதுகு. அவள் மூச்சை இழுத்தாள்.

“முதுகு அவருதுதான். கூடைய எடுக்கையில எடது தோளு இப்படித்தான் எறங்கும்.” விரலால் பிலிமைத் தொடப்போய், தொடாமல் நிறுத்தினாள். “இதவிடப் பெருசு ஒண்ணு இருக்காம்லா? பேட்டியில சொன்னீங்க. பொத்தானக்கூட எண்ணலாம்னு.”

அதையும் சொல்லியிருந்தார். எந்தப் பொத்தான் என்று பேட்டி எடுத்தவன் கேட்கவில்லை, இவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பிலிம் வீணாகிவிட்டது, வெளிச்சம் பட்டுவிட்டது, ஈரத்தில் ஒட்டிவிட்டது என்று வரிசையாகப் பொய்கள் வாய்வரைக்கும் வந்தன. மூன்றாவது உறையைப் பிரித்துத் தாளை மேசையில் வைத்தார். அவள் மேட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருப்பெருக்கியை நகர்த்தினாள். திரும்பவும் நகர்த்தினாள்.

“இதுல காணல.”

“இருந்தாரும்மா.”

“எங்க?”

“நான் எடுத்துட்டேன். முகம் தெரிஞ்சா எடுத்துரணும்னு சட்டம். சுரண்டி எடுக்கணும்.”

சட்டம் என்ற சொல்லைச் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. சட்டத்துக்காகச் சுரண்டினாரா, அரை மதிப்பெண்ணுக்காகவா என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்தார். அவள் கேட்கவில்லை.

“எந்த எடத்துல?”

பென்சில் முனையால் காட்டினார். அவள் உருப்பெருக்கி வழியாக அந்த இடத்தைப் பார்த்தாள். உப்புதான் இருந்தது. பிசிறில்லாத, மாசுமருவற்ற உப்பு.

“நல்லா வேலை பாத்திருக்கீங்க சார்,” என்றாள். குத்திச் சொல்லவில்லை. கைவேலை தெரிந்த ஒருத்தி இன்னொரு கைவேலையைப் பார்த்துச் சொன்னது. பாக்கியநாதனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அவள் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரி, போனது போயிட்டு. நீங்க பாத்தீங்கள்லா? அந்த மொகத்தக் கடைசியா பெருசாப் பாத்தது நீங்கதான். சொல்லுங்க சார். எனக்குக் கண்ண மூடினா சட்டைதான் வருது, மொகம் வர மாட்டேங்கு. எப்படி நின்னாரு? எப்படி இருந்தாரு?”

பாக்கியநாதன் யோசித்தார். நுண்ணோக்கிக்குக் கீழே அந்த முகம் தட்டு அளவு பெரிதாக ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் கண்முன் இருந்தது. கழுத்தோரத்தில் மையை மூன்று தடவை வைத்தது நினைவிருந்தது. காதுமடல் வளைவில் கத்தியைத் திருப்பியது நினைவிருந்தது. கண் எப்படி இருந்தது? மூக்கு? மீசை உண்டா? அவர் எவ்வளவு தேடினாலும் உள்ளே ஒன்றும் இல்லை. அவள் காத்திருந்தாள். அவளை அப்படிக் காத்திருக்க வைக்க அவரால் முடியவில்லை.

“சிரிச்ச முகமா இருந்தாரும்மா,” என்றார். “நல்லா, வாய் நிறையச் சிரிச்சுக்கிட்டு.”

சந்தனமாரி அவரையே பார்த்தாள். அவருக்காக வருத்தப்படுவது போல மெதுவாகச் சொன்னாள்.

“முன்பல்லு ரெண்டும் போனதுல இருந்து அவரு வாயத் தொறந்து சிரிக்கவே மாட்டாரு சார். எங்கிட்டகூட.”

பக்கத்து அறையில் ரெஜினாவின் ஆட்கள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியநாதனால் தலையைத் தூக்க முடியவில்லை. வெட்கம் என்றால் முகத்தில் வருவது என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். இப்போது அது கத்தி பிடித்த விரல்களில் இருந்தது. கடைக்காரனின் முழுமையாக்கியாவது அடையாளம் கேட்டுவிட்டுப் போட்டது. அவர் அதுகூடக் கேட்கவில்லை.

“நான் முகத்தப் பாக்கலம்மா,” என்றார்.

“பேட்டியில அந்தத் தாளோட ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன்னீங்களே?”

அப்படிச் சொன்னாரா என்ன. சொல்லியிருப்பார். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், பேட்டியிலும் சொல்லியிருந்தார், சுரண்டியது ஓர் ஆளை என்பதை மட்டும் சொல்லவில்லை.

“ஓரத்த மட்டும்தான் பாத்தேன். ஆள் எங்க முடியுது, உப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு. அதப் பாத்தாத்தான் கத்தி சரியாப் போகும். உள்ள பாக்க மாட்டோம்.”

அவள் உருப்பெருக்கியை மேசையில் வைத்தாள். “அப்ப நீங்களும் உப்பத்தான் பாத்திருக்கீங்க,” என்றாள். பிறகு கலியாணப் படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் எழுந்திருக்கும் முன் பாக்கியநாதன் அவசரமாகச் சிறுசுருளை எடுத்தார். “கொஞ்சம் இருங்கம்மா. இதுல நேரா நிக்கார். குனியல. பெருசாக்கிப் பாக்கேன். ஏதாவது தெரியுதான்னு பாக்கேன்.” தெரியாது என்று அவருக்குத் தெரியும். சிறுசுருள் எவ்வளவு பிடிக்கும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை ஆண்டுதோறும் அளந்து அறிவித்தவரே அவர்தான். ஆனாலும் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிவப்பு விளக்கில், படத்தைப் பெருக்கிக் காட்டும் கருவியின் தலையை உயர்த்தினார். கீழே விரித்த காகிதத்தில் உப்புமேடு வந்தது, மேட்டின் மேல் ஆள் வந்தான். இன்னும் உயர்த்தினார். தோள், தோளில் கிடந்த சட்டை, தலை. இன்னும் உயர்த்தினார். தலை தனித்தனி மணிகளாகப் பிரிந்தது. சில மணிகள் நெருங்கி இருந்தன, சில விலகி இருந்தன. அவற்றில் எது கண், எது நிழல் என்று அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு படத்தின் உள்ளே குனிந்து தேடினார். ஒரு இடத்தில் மூக்கு போலிருந்தது. தலையைச் சாய்த்தால் அதுவும் இல்லை.

கதவுக்கு வெளியே அவள் வந்து நின்றது தெரிந்தது.

“தெரியுதா சார்?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தார். இப்போது பொய் சொல்ல வேண்டியதில்லை, உண்மை சொல்வதும் அதைவிட எளிதாக இல்லை.

“நிக்காரும்மா,” என்றார். “அசையாமத்தான் நிக்கார்.”

அவள் கதவை விரலால் ஒரு முறை தட்டினாள்.

“மொகம்?”

பாக்கியநாதன் கதவைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.